ஒவ்வொரு நாளைக்கும் ஆகுமோ

மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் நான் கட்டின வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று, வந்த சனம் எல்லாம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. இத்தாலியிலிருந்து இறக்கின சரவிளக்கு அது. அந்தத் தெருவில் வேறு எவனிடமும் கிடையாது. இதில் நான் எழுதப்போகிற மனிதர் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போனார். கரண்டி வைக்கிற லாச்சியை வெளியே இழுத்துத் திறந்தார், உள்ளே தள்ளி மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். முப்பது தரமாவது இருக்கும். என் மனைவி பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பிறகு என்னிடம் வந்து, எல்லோர் முன்னாலும், மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, வீடு வடிவு. உந்த லாச்சி ரெண்டு வருசம் தாங்கும்."

இருபத்திரண்டாம் மாதம் அது கழன்று என் மனைவியின் காலில் விழுந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மொன்றியலில் வந்து இறங்கியபோது போட்டிருந்த குளிரங்கியே இரவல். கோப்பை கழுவினேன், கக்கூசு கழுவினேன், அரிசி மூட்டை சுமந்தேன். இன்றைக்குப் புவாண்ட்-கிளேரில் என் பெயரில் ஒரு களஞ்சியம் நிற்கிறது. நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பிரெஞ்சில் எழுத்துக்கூட்டத் தெரியாத எனக்குப் பிரெஞ்சுக்காரன் எழுந்து நின்று கை தருகிறான். பட்டம் பெற்றவர்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். இதை நான் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஊரெல்லாம் எனக்கு முதலாளி என்றுதான் பெயர். என்னைத் தம்பி என்று கூப்பிட அவரும் அவருடைய மனைவியும்தான் மிச்சமிருந்தார்கள்.

அவருடைய பெயரை இதில் எழுதமாட்டேன். அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு தரம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அது போதும்.

என் களஞ்சியத்துக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு கம்பனி. அலுமாரிக் கதவு திரும்புகிற பிணைச்சல், லாச்சி ஓடுகிற தண்டவாளம், இப்படியான சாமான்கள் செய்கிறது. அங்கே அவருக்கு இருபத்தாறு வருடமும் ஒரே வேலைதான். ஒரு யந்திரம் கதவைத் திறந்து மூடும், திறந்து மூடும், ஐம்பதினாயிரம் தரம். அவர் பக்கத்தில் இருந்து எத்தனையாம் தரத்தில் எது தளர்கிறது என்று பார்ப்பார். எனக்கென்றால் மூன்றாம் நாளே பைத்தியம் பிடித்திருக்கும். அவருக்கு அந்த வேலை தோலோடு ஒட்டிவிட்டது.

"முதல் நாள் எல்லாம் நல்ல பிணைச்சல்தான், தம்பி. ஒவ்வொரு நாளைக்கும் ஆகுமோ எண்டதுதான் கேள்வி."

இந்த ஒரே கேள்வியைத்தான் அவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டார். சப்பாத்தையும் கேட்டார், காரையும் கேட்டார், கறியையும் கேட்டார். மூன்று நாள் தொடர்ந்து தின்றால் தெவிட்டுகிற பண்டம் சாப்பாடு இல்லை என்பார். கலியாண வீட்டுப் பிரியாணியை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிட்டும் சம்பலும் சாப்பிடுவார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் தேர் என்றால் நான் பட்டு வேட்டியோடு முன்வடத்தில் நிற்பேன். அவர் வரமாட்டார். ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை, பனி கொட்டுகிற நேரம் பார்த்து, ஐயரும் அவருமாக நின்று கும்பிட்டுவிட்டு வருவார். தேரன்றைக்கு முருகனுக்கு ஆள் இருக்கு, நான் எதுக்கு என்று கேட்பார்.

ஆட்களையும் அப்படித்தான் அளந்தார். அதுதான் எனக்கு அவரில் பிடிக்காதது. ரொறன்ரோவிலிருந்து என் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தால் வீடே சிரித்தது. அவர் ஒரு மூலையில் இருந்து, காலமை எழும்பினவுடன் என்ன செய்வீர் தம்பி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெடியன் முழித்தான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ஆள் திருவிழாவுக்கு நல்லவர், அவசரப்படாதை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த விசயத்தில் அவர் பிழை. அவனைக் கட்டின என் மகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். அதையும் நான் எழுதத்தானே வேண்டும். மனிதனை யந்திரத்தில் பூட்டி ஐம்பதினாயிரம் தரம் திறந்து மூடிப் பார்க்க முடியாது.

ஆனாலும் பத்தொன்பது வருடம் நாங்கள் இருவரும் காலை ஆறு மணிக்கு ஒரே கோப்பிக் கடையில், ஒரே மேசையில் இருந்தோம். நான் கதைப்பேன். அவர் கேட்பார். என் வாழ்க்கையில் நான் கட்டிய எல்லாவற்றையும் முதலில் அந்த மேசையில் வைத்துத்தான் சொன்னேன்.

அவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு, யாரும் நம்பமாட்டார்கள், துவக்குச் சுடுவது. கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் எப்போதோ தன் துப்பாக்கிக் கழகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் போவார். ஐம்பது தோட்டா. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலப்போக்கில் அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளாகவே ஆகிவிட்டார். செம்மஞ்சள் மேற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வரிசைக்குப் பின்னால் நிற்பார். அவர் சொன்னால்தான் சுடலாம். அவர் சொன்னால் எல்லோரும் துவக்கைக் கீழே வைக்க வேண்டும். வெள்ளைக்காரன், டாக்குத்தர், லோயர், எவனாக இருந்தாலும்.

அதைக் கண்டபோது எனக்கும் ஆசை வந்தது. ஊரில் யுத்தத்தின்போது எங்கள் ஆட்களில் துவக்கைக் கண்டு ஓடினவர்கள் எத்தனையோ ஆயிரம். சட்டப்படி, சொந்தமாக, தன் பெயரில் துவக்கு வைத்திருக்கிறவன் எத்தனை பேர்? ஓடினவர்களில் நானும் ஒருவன். துவக்குக்காரன் ஒருவன் என்னை முழங்காலில் இருத்தி எழுப்பின நாள் ஒன்று உண்டு. அதைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன்.

களஞ்சியத்தைக் காவல் காக்க ஒன்று வேண்டும் என்று கதையைத் தொடங்கினேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். "இந்த நாட்டில கைத்துவக்கு பேப்பரைச் சுடத்தான், தம்பி. காவலுக்கு நாயை வளர்." சரி, பேப்பரையே சுடுகிறேன் என்றேன். அவர்தான் எனக்காகக் கையெழுத்து வைத்துக் கழகத்தில் சேர்த்துவிட்டார். அரசாங்கத்தின் சோதனையில் முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் பாஸ் பண்ணினேன். ஐந்தாம் வகுப்புக்காரன், அறுபத்தேழு வயதில். என் மகனுக்கே அது முடியுமோ தெரியாது.

அந்த நேரம்தான் அரசாங்கம் கைத்துவக்கு விற்பனையை நிறுத்தப்போகிறது என்ற செய்தி வந்தது. வைத்திருக்கிறவர்கள் வைத்திருக்கலாம். ஆனால் இனி ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கவோ விற்கவோ மாற்றவோ முடியாது. கடைகளில் சனம் வரிசையில் நின்றது. நானும் அதற்குள் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று துடித்தேன். ரிவோல்வர் வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் குண்டு என்பதுதான்.

மக்னம் என்று இரண்டு இருக்கிறது. 357 ஒன்று, 44 மற்றது. நாங்கள் தமிழில் ஐம்பத்தேழு, நாற்பத்துநாலு என்று சுருக்கிக்கொண்டோம். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, நாற்பத்துநாலுதான் தடித்த குண்டு, பெரிய அடி. அவரிடம் இருந்தது ஐம்பத்தேழு. அதற்குள் 38 என்கிற மெல்லிய தோட்டாவையும் போட்டுச் சுடலாம். கை நோகாது, எந்தக் கடையிலும் கிடைக்கும். நாற்பத்துநாலுக்கும் மெல்லியது உண்டு, ஆனால் அதைத் தேடி அலைய வேண்டும்.

எது வாங்கலாம் என்று அவரிடம் கேட்டேன். வாயால் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு, கழகத்தில் இருந்த கிழவர் ஒருவரின் நாற்பத்துநாலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிழவர் பக்கத்திலேயே நின்றார். முதலில் ஐம்பத்தேழில் ஐம்பது சுடச் சொன்னார். சுட்டேன். நல்லாயிருந்தது, ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நாற்பத்துநாலு. முதல் வெடியில் குழாயின் முனையில் தீ பூத்தது. சத்தம் காதில் இல்லை, நெஞ்சில் விழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த நிமிசமே முடிவு செய்துவிட்டேன்.

அவர் விடவில்லை. இதிலும் ஐம்பது என்றார். இருபதைத் தாண்டியதும் பெருவிரல் அடியில் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டேன். ஒவ்வொரு ஆறு வெடிக்கும் அவரே துவக்கை வாங்கித் தோட்டா போட்டுத் தந்தார். ஒரு தரம் விசையை இழுத்தேன், டிக் என்றது, வெடிக்கவில்லை. ஆனால் என் கை தானாகக் கீழே குத்தி இழுத்தது, கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டது. எனக்குத் தெரியாமல் சுட்டுமுடித்த தோட்டாவின் வெறுங்கோதை நடுவில் வைத்திருக்கிறார். அது பழைய சோதனையாம். சுடுகிறவன் வெடிக்குப் பயப்படுகிறானா என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். கிழவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்.

"துவக்கு வெடிக்கேல்லை, தம்பி," என்றார் அவர். "நீதான் வெடிச்சனி."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தக் குரலை அவர் அடிக்கடி எடுப்பதில்லை. "இனி மாத்தேலாது, கேட்டியே. இப்ப எடுக்கிறதுதான் சாகுமட்டும். நாப்பத்திநாலு நல்ல சாமான், நான் குறை சொல்லேல்லை. ஆனா உன்ரை கைக்கு அது திருவிழா. ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஆகாது. ஐம்பத்தேழை எடு."

நாலு பேர் பார்க்க என் பயத்தைக் காட்டின மனிதரின் பேச்சை நான் கேட்பேனா? செவ்வாய்க்கிழமையே போய் நாற்பத்துநாலை வாங்கினேன். எட்டு அங்குலக் குழாய், கண்ணாடி மாதிரி மினுக்கம். பதிவுகள் முடிந்து கைக்கு வந்த அன்று கோப்பிக் கடையில் அவரிடம் சொன்னேன். வடிவான சாமான் என்றார். அவர் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மொத்தமாக ஏழு ஞாயிறு சுட்டேன். பிறகு மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. காலையில் சேட்டைப் போட்டுத் தெறி பூட்ட முடியவில்லை. வேலை கூட, கலியாண வீடு, மழை என்று சாட்டுச் சொன்னேன். அவர் ஒருநாளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நாற்பத்துநாலு வீட்டு இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது. சட்டம் அப்படி. கட்டின பெண்சாதி மாதிரி என்று பகிடிக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது.

எங்கள் களஞ்சியத்தில் அது பெரிய நாள். பாரம் தூக்குகிற வண்டிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவோம். பெட்டி வெட்டுகிற கத்தி, தராசு, கம்பியூட்டர், எல்லாம் வெள்ளைத் துணியில் வரிசையாக இருக்கும். வியாபாரிகள் குடும்பத்தோடு வருவார்கள். அன்று காலை வீட்டில் சேட்டுப் போடும்போது இரும்புப் பெட்டி கண்ணில் பட்டது. ஆயுதத்துக்குத்தானே பூசை, உண்மையான ஆயுதம் வீட்டில் கிடக்க, வெறும் தராசுக்கும் கத்திக்கும் பூப் போடுவதா என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டு போனேன். தோட்டா ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கழகத்துக்கு, கழகத்திலிருந்து வீட்டுக்கு, பூட்டின பெட்டிக்குள். வேறெங்கும் கூடாது. தெரிந்துதான் கொண்டுபோனேன்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், நடு நாயகமாக, செம்பருத்திப் பூவோடு வைத்தேன். வந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். ஐயர் மணியை ஆட்டிக்கொண்டே அதைத் தாண்டிப் போனார். என் மகன் படம் எடுத்துக் குடும்பத்துக் குழுவில் போட்டான். மத்தியானத்துக்குள் அது மொன்றியல் முழுக்கப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, அதே மேசை. அவர் கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உது உன்ரைதானே?"

"வேற ஆற்றை? மொன்றியலில எங்கடை ஆக்களுக்கை வேற ஆரிட்டை இருக்கு?"

"சனத்துக்கு முன்னால. பூட்டில்லாமல்."

"அண்ணை, தோட்டா இல்லை. பூசைக்கு வைச்சது. ஒரு நாள், ஒரே ஒரு நாள்."

"ஒரு நாள் எண்டு ஒண்டு இல்லை, தம்பி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். கழகத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள் இப்படி ஒன்றைக் கண்டால் அறிவிக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சட்டையைத் தந்திருக்கிறார்கள். பிறகு:

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பொறுப்பன். நீயே பொலிசுக்குப் போன் அடிச்சுச் சொல்லு. பிழை விட்டிட்டன், வந்து எடுங்கோ எண்டு சொல்லு. நீ சொன்னால் அது பிழை. நான் சொன்னால் குற்றம்."

"நீங்கள் சொல்லுவியளோ?"

"ஓம்."

"பத்தொன்பது வருசம் அண்ணை."

"அதாலைதான் உனக்கு முதல் சொல்லுறன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். என் உப்பைத் தின்றவர் இல்லை, ஆனாலும் என் கதையைப் பத்தொன்பது வருடம் கேட்டவர். அன்று முழுவதும், அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும், தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. ஒரு இலக்கத்தை அழுத்தினால் முடிந்துவிடும் விசயம். நான் அழுத்தவில்லை. எவனுக்கும் முன்னால் இனி முழங்காலில் இருப்பதில்லை என்று நான் எப்போதோ எடுத்த முடிவு அது.

மூன்றாம் நாள் காலை பொலிஸ் வந்தது. கர்க்லாண்டில், என் வாசலில், அயல் எல்லாம் நாயோடு நடக்கிற நேரத்தில். மரியாதையாகத்தான் நடந்தார்கள். நாற்பத்துநாலைக் கொண்டுபோனார்கள். லைசென்சும் போனது. லோயர் ஓடித்திரிந்து வழக்கில்லாமல் முடித்துத் தந்தார். இனி வாழ்நாளில் துவக்கைத் தொட மாட்டேன் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இதில் எழுத வந்தேன்.

அவரைப் பற்றி என்னிடம் சின்னச் சொற்கள் இருந்தன. பிடிவாதக்காரர், விசர், பொறாமை பிடித்தவர். எதையும் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் நொந்திருக்கும், ஆறியிருக்கும். நான் அவற்றை எடுக்கவில்லை. கலியாண மண்டபத்தில், கோயில் வாசலில், கடையில், ஆயிரம் பேருக்கு அவருடைய பெயரைச் சொல்லி, "காட்டிக்கொடுத்தவன்" என்றேன். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். ஊரில் அந்தச் சொல்லைக் கழுத்தில் தொங்கவிட்டு, சுட்டு, மின்கம்பத்தில் கட்டியிருந்தவர்களை நாங்கள் பார்த்தவர்கள். தெரிந்துதான் பொறுக்கியெடுத்தேன். என்னிடம் இருந்ததில் பெரிய குண்டு அதுதான்.

அது நன்றாகவே வேலை செய்தது. முதலாளி சொன்னால் சனம் கேட்கும். அவருக்குப் பக்கத்தில் கதிரை வெறுமையாக இருக்கத் தொடங்கியது. பிறகு ஒருநாள் கேள்விப்பட்டேன், கழகத்திலும் அவரிடமிருந்து அந்தச் செம்மஞ்சள் சட்டையைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம். எனக்காகக் கையெழுத்து வைத்தவர் அவர்தானே. அதாவது, என்னைப் பற்றிச் சொன்னால் தனக்கும் அது நடக்கும் என்று அவருக்கு அந்த மேசையிலேயே தெரிந்திருக்கிறது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கேள்விப்பட்ட பிறகும் நான் நிறுத்தவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

அவர் வழக்கத்தை மாற்றவில்லை. காலை ஆறு மணிக்கு அதே கோப்பிக் கடையில், அதே மேசையில் இருப்பார். நான் காரில் கடந்து வேறு கடைக்குப் போவேன். கண்ணாடிக்குள் அவருடைய முதுகு தெரியும். மழை, பனி, எல்லா நாளும் தெரிந்தது. பிறகு ஒருநாள் தெரியவில்லை.

கணையத்தில் புற்றுநோயாம். மூன்று மாதத்தில் முடிந்தது. எங்கள் ஊரில் ஒரு நியாயம் உண்டு. கலியாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் செத்த வீட்டுக்குப் போக வேண்டும், பகையாளி என்றாலும். நான் போகவில்லை. என் மனைவி போய்வந்து, தோய்ந்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். எப்படி என்று கேட்டேன். "ஆக்கள் குறைவு," என்றாள். பிறகு, "தூக்கிறதுக்கே கம்பனியில இருந்துதான் வந்தவை," என்றாள்.

முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்து சில கிழமைக்குப் பிறகு அவருடைய மனைவியிடமிருந்து தொலைபேசி. அவரை நான் அக்கா என்பேன்.

"முதலாளி, அக்கா கதைக்கிறன்," என்றார்.

அந்த 'முதலாளி' எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

விசயம் இதுதான். அவருடைய ஐம்பத்தேழு வீட்டில் இருக்கிறது. இப்போதைய சட்டப்படி வேறு எவருக்கும் கொடுக்க முடியாது. பொலிஸ் வியாழக்கிழமை காலை வந்து எடுக்கிறதாம். என்ன கேட்பார்களோ தெரியாது, அந்தச் சாமானைப் பற்றி ஒன்றும் தெரியாது, பக்கத்தில் நிற்க முடியுமா என்று கேட்டார். போனேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியில் ஏறினேன்.

ஒரு இளம் பெண் பொலிஸ் வந்தாள். "பொன்சூர்" என்றாள். பெட்டியைக் குசினி மேசையில் வைத்துத் திறந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தொடமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் அல்லவா. மினுக்கம் எல்லாம் தேய்ந்துபோன சாதாரண சாமான். பிடியின் மரத்தில் அவருடைய பெருவிரல் இருந்த இடம் குழிந்து கறுத்திருந்தது. அவள் உருளையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். நான் என்னை அறியாமல், ஒன்று என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். எத்தனை காலம் பாவித்தது என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், ஒவ்வொரு ஞாயிறும், இருபது வருடத்துக்கு மேல் என்றேன். ஏதாவது பழுது உண்டா என்றாள். இல்லை என்றேன். அவள் கடதாசியில் எழுதிக்கொண்டு, பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து நிமிசம் எடுத்திருக்காது. உருக்கிவிடுவார்கள்.

"ஏன் அக்கா என்னைக் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"வேற ஆர் வருவினம்? நீங்கள் சொன்னதுக்குப் பிறகு ஆர் இந்த வீட்டுக்கு வாறவை?"

கோபமாகச் சொல்லவில்லை. சீனி எவ்வளவு என்று கேட்கிற மாதிரிச் சொன்னார். கரண்டி எடுக்க லாச்சியை இழுத்தார். சத்தமே இல்லாமல் வந்தது. சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அந்த வீடு வாங்கின காலத்து லாச்சி.

தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பினேன். வாசலில் நின்று, "நாளைக்கும் வாறன் அக்கா," என்றேன்.

"ஒரு நாளைக்கு எண்டால் ஆரும் வருவினம்," என்றார் அக்கா. கதவைச் சாத்தினார்.

அடுத்த நாள் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். கோயிலுக்குக் கூட்டிப்போனேன், தேர் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. ஐயர் என்னைக் கண்டு, இன்றைக்கு என்ன விசேசம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வாசலில் பனி வழித்தேன். கடைகளில் நிற்கிறவர்களிடம், அவரைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், நம்புகிறார்களா தெரியவில்லை. பெரிய குண்டு போன ஓட்டையைச் சின்னக் குண்டால் அடைக்க முடியாது.

இன்று பத்தொன்பதாம் நாள். அக்கா கதவைத் திறக்கிறார், தேத்தண்ணி தருகிறார், இன்னும் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்.